செமஸ்டர் முடிந்தாலும் பள்ளி நடக்கும்: சேவைவழிக் கற்றல், ஓர் எளிய அறிமுகம்

ஒரு விடுமுறை நாளில் கல்லூரி மாணவர்கள் ஐம்பது பேர் பக்கத்துப் பள்ளிக்குப் போகிறார்கள். சுவருக்கு வண்ணம் அடிக்கிறார்கள், பிள்ளைகளோடு விளையாடுகிறார்கள், எல்லாரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டு மாலையில் கிளம்பிவிடுகிறார்கள். நல்ல காரியம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதைச் சேவைவழிக் கற்றல் என்று சொல்ல முடியாது. அந்த ஐம்பது பேரில் இயற்பியல் படிப்பவரும் இருந்தார், வரலாறு படிப்பவரும் இருந்தார். அவர்கள் படிக்கும் படிப்புக்கும் அன்று பிடித்த தூரிகைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இன்னொரு ஏற்பாட்டைப் பாருங்கள். பள்ளித் தலைமையாசிரியருக்கு நெடுநாளாக ஒரு கேள்வி: சில வகுப்புகளில் மட்டும் பிள்ளைகளின் வருகை ஏன் திடீர் திடீரென்று குறைகிறது? பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்கும் மாணவர்களிடம் அந்தக் கேள்வி வருகிறது. பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டு, வருகைப் பதிவேட்டின் எண்களை மட்டும் பள்ளி தருகிறது. எந்தக் கிழமையில் குறைகிறது, எந்த மாதத்தில் குறைகிறது என்று மாணவர்கள் அலச உட்காருகிறார்கள். உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, பாடப்புத்தகத்தில் வரும் எண்களைப் போல இவை ஒழுங்காக இல்லை என்று. சில நாட்களுக்குப் பதிவே இல்லை. தாமதமாக வரும் பிள்ளையை ஓர் ஆசிரியர் ‘வந்தார்’ என்று குறித்திருக்கிறார், அடுத்த வகுப்பு ஆசிரியர் ‘வரவில்லை’ என்று குறித்திருக்கிறார். விடுபட்ட தரவை என்ன செய்வது என்று வகுப்பில் நடத்திய பாடம் அந்த இடத்தில்தான் உறைக்கிறது. செமஸ்டர் முடிவில் தலைமையாசிரியர் கையில் இரண்டு பக்க அறிக்கை, மாணவர்கள் கணக்கில் ஒரு பாடத்தின் மதிப்பெண். இதுதான் சேவைவழிக் கற்றல்.

ஆக, மூன்று விஷயங்கள் இதில் சேர்ந்து வர வேண்டும். வேலை ஒரு பாடத்தின் உள்ளே இருக்க வேண்டும். அந்த வேலை பள்ளிக்கு உண்மையாகவே தேவைப்பட வேண்டும். செய்து முடித்ததை மாணவர்கள் அசைபோட்டுப் பார்க்க வேண்டும். மூன்றாவதைத்தான் பலரும் ஒப்புக்குச் செய்கிறார்கள். அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

தன்னார்வத் தொண்டுக்கும் இன்டர்ன்ஷிப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ஆண்ட்ரூ ஃபர்கோ 1996இல் ஒரு நல்ல வழி சொன்னார். பலன் யாருக்குப் போகிறது என்று பாருங்கள் என்றார். தொண்டில் பலன் பெரும்பாலும் பெறுபவருக்கு. இன்டர்ன்ஷிப்பில் பலன் பெரும்பாலும் மாணவருக்கு. சேவைவழிக் கற்றலில் இரண்டு தட்டும் ஏறக்குறைய சமமாக நிற்க வேண்டும். சொல்வதற்கு எளிது. நடைமுறையில் தராசு மாணவர் பக்கமாகவே சாயும், ஏனென்றால் கால அட்டவணை, மதிப்பெண், பேராசிரியர் எல்லாமே பல்கலைக்கழகத்தின் பக்கம்தான் இருக்கின்றன.

யோசனை எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அனுபவத்தின் வழியாகத்தான் கல்வி வேரூன்றும் என்று அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே வாதாடினார். 1960களின் பிற்பாதியில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ராபர்ட் சிக்மனும் வில்லியம் ராம்சேயும் சேவையையும் கற்றலையும் ஒரே ஏற்பாடாக இணைத்து இந்தப் பெயரையும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1985இல் பிரவுன், ஜார்ஜ்டவுன், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் முன்னின்று ‘கேம்பஸ் காம்பாக்ட்’ என்ற கல்லூரிகளின் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். அதன் பிறகு வேகம் பிடித்தது. இது அமெரிக்கச் சரக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். மெக்சிகோவில் மருத்துவ மாணவர்களின் சமூக சேவை 1936இலேயே தொடங்கிவிட்டது. ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் 2012இலிருந்து இளநிலை மாணவர்கள் எல்லாருக்கும் இது கட்டாயப் பாடம்.

சிக்மன் 1979இல் மூன்று கொள்கைகளை எழுதினார். அவற்றில் முதலாவது இன்றைக்கும் கசப்பு மருந்துதான்: என்ன சேவை வேண்டும் என்று தீர்மானிப்பவர் சேவையைப் பெறுபவராக இருக்க வேண்டும். பள்ளியோடு கைகோக்கும் திட்டம் என்றால், முடிவெடுப்பது பள்ளி.

இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? 1968இல் மெக்சிகோவின் குவெர்னவாகா நகரில், கோடை விடுமுறையில் ஏழைகளுக்கு உதவ வரும் அமெரிக்க மாணவர்களின் கூட்டத்தில் சமூக விமர்சகர் இவான் இல்லிச் பேசினார். உங்கள் நல்லெண்ணத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், சுற்றிப் பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், ஆனால் உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். மொழி தெரியாது, ஊர் தெரியாது, என்ன தேவை என்பதும் தெரியாது. இந்த நிலையில் செய்யும் உதவி யாருக்காக என்பது அவர் கேள்வி. அவர் அளவுக்கு நான் போக மாட்டேன். ஆனால் பள்ளியில் காலடி வைக்கும் முன் ஒவ்வொரு மாணவரும் இந்தக் கேள்வியை ஒருமுறையாவது கேட்டுக்கொள்வது நல்லது.

பள்ளியிடம் எப்படிக் கேட்பது

பெரும்பாலான பல்கலைக்கழகக் குழுக்கள் பள்ளிக்குப் போகும்போதே திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு போகின்றன. “நாங்கள் ரோபோட்டிக்ஸ் பயிலரங்கம் நடத்துகிறோம், அனுமதி தாருங்கள்.” தலைமையாசிரியர் மறுக்க மாட்டார். மறுத்தால் அது முறையாகவும் இருக்காது. பயிலரங்கம் நடக்கும். எட்டாம் வகுப்பு ஆசிரியருக்கு அன்று இரண்டு பாடவேளை போகும், அதை அவர் அடுத்த வாரம் எங்கிருந்தோ ஈடுகட்ட வேண்டும். இந்தச் செலவு பல்கலைக்கழகத்தின் அறிக்கையில் ஒரு வரிகூட வராது.

கேட்கும் விதத்தைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். “எங்களிடம் இருபது மாணவர்கள் இருக்கிறார்கள். வாரம் இரண்டு மணி நேரம், பத்து வாரம். இவர்கள் படிப்பது மொழியியல். உங்கள் வேலையில் எது நேரமில்லாமல் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது?” இப்படிக் கேட்டால் வரும் பதில்கள் பெரும்பாலும் கவர்ச்சியாக இருக்காது. நூலகத்தில் புத்தகங்கள் வகைப்படுத்தாமல் கிடக்கின்றன. ஆறாம் வகுப்பில் ஏழெட்டுப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறுகிறார்கள், அவர்களோடு தனியாக உட்கார ஆளில்லை. ஆய்வகத்தில் நுண்ணோக்கிகள் பெட்டியைவிட்டு வெளியே வருவதே இல்லை, ஏனென்றால் ஐம்பது பிள்ளைகளை ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் கவனிக்க முடியாது.

தலைமையாசிரியரோடு மட்டும் பேசிவிட்டுத் திரும்பிவிடக் கூடாது. வகுப்பில் நிற்கப்போவது வகுப்பாசிரியர். அவருக்கு விருப்பமில்லாத திட்டம் இரண்டாவது வாரத்திலேயே நொண்டும்.

சில நேரம் பாடமே பள்ளியை ஒட்டி மாறும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மானுடவியல் பேராசிரியர் பிரான்சிஸ் ஜான்ஸ்டன் 1990களின் தொடக்கத்தில் தன் பாடம் ஒன்றை மேற்கு பிலடெல்பியாவிலுள்ள டர்னர் நடுநிலைப்பள்ளியை மையமாக வைத்துத் திருத்தி அமைத்தார். பொருள் ஊட்டச்சத்து. கல்லூரி மாணவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து வேலை செய்தார்கள். பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்ற தகவல் திரட்டப்பட்டது, ஊட்டச்சத்துப் பாடம் பள்ளிக்குள் நடந்தது, போகப் போகப் பள்ளித் தோட்டம், பிள்ளைகளே நடத்தும் பழக்கடை என்று விரிந்தது. இங்கே கவனிக்க வேண்டியது பழக்கடையை அல்ல. அது ஒரு செமஸ்டரில் வந்துவிடவில்லை. ஆண்டுதோறும் அதே பாடம், அதே பள்ளி, புது மாணவர்கள். இது போன்ற வேலைகளுக்கென்றே 1992இல் அந்தப் பல்கலைக்கழகம் ஒரு தனி மையம் தொடங்கியது, இப்போது அதன் பெயர் நெட்டர் மையம்.

பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது

பள்ளிகள் அதிகம் கேட்பது இதைத்தான்: பின்தங்கிய பிள்ளைகளோடு தனித்தனியாக உட்கார்ந்து படிக்கவைக்க ஆட்கள். வெளியிலிருந்து பார்த்தால் டியூஷன் மாதிரி இருக்கும். இதில் கல்லூரி மாணவர் என்ன பெரிதாகக் கற்றுக்கொள்ளப்போகிறார் என்று தோன்றும்.

ஒரு பிள்ளை 1/3 + 1/4 என்ற கணக்குக்கு 2/7 என்று விடை எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மேலே இருப்பதை மேலே கூட்டினாள், கீழே இருப்பதைக் கீழே கூட்டினாள். ‘தப்பு, கீழே உள்ளதைச் சமமாக்கு, 4/12 + 3/12 = 7/12’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். அடுத்த கணக்கிலும் அதே தவறு வரும். அதற்குப் பதிலாக, “சரி, இதே முறையில் 1/2 + 1/2 போட்டுக் காட்டு” என்று கேட்டால்? 2/4 என்று எழுதுவாள். 2/4 என்றால் அரை. அரையோடு அரையைக் கூட்டினால் அரையா? அந்த இடத்தில் அவளே பென்சிலை நிறுத்துவாள். இனிமேல்தான் கல்லூரி மாணவருக்குச் சோதனை. கீழே உள்ளதை ஏன் சமமாக்க வேண்டும் என்று அவள் கேட்டால் சூத்திரம் கைகொடுக்காது. பத்து வருடமாகப் பழக்கத்தில் போட்டுவந்த கணக்குக்கு முதல்முறையாகக் காரணம் தேட வேண்டும்.

சொல்லிக்கொடுப்பவரும் கற்கிறார் என்பது வெறும் பேச்சு அல்ல. ஆய்வாளர்கள் பீட்டர் கோஹனும் குலிக் தம்பதியரும் பள்ளிகளில் நடந்த 65 மதிப்பீடுகளை 1982இல் தொகுத்துப் பார்த்தார்கள். மாணவரே மாணவருக்குச் சொல்லிக்கொடுத்த அந்தத் திட்டங்களில், கற்றுக்கொண்டவர்கள் மட்டுமல்ல, சொல்லிக்கொடுத்தவர்களும் அந்தப் பாடத்தில் முன்னேறியிருந்தார்கள்.

படிக்கவைப்பதிலும் நுணுக்கம் உண்டு. பிள்ளை ஒரு சொல்லில் தடுமாறிய உடனே பக்கத்திலிருப்பவர் அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவார். அன்பினால்தான். ஆனால் பிள்ளை அதைப் பழகிக்கொண்டு, தடுமாறியதும் நிமிர்ந்து முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடும். 1970களின் பிற்பகுதியில் நியூசிலாந்தின் தெற்கு ஆக்லாந்தில் பெற்றோருக்காக ஒரு முறை உருவானது: ஐந்து விநாடி காத்திரு, பிறகு துப்புக் கொடு, பிறகு பாராட்டு. ஐந்து விநாடி சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்பது செய்துபார்த்தால்தான் புரியும். கல்வியியல் படிக்காத மாணவருக்கும் முதல் நாளே கற்றுக்கொடுக்கக்கூடிய முறை இது. ஒரு மணி நேரப் பயிற்சிகூட இல்லாமல் மாணவர்களைப் பிள்ளைகள் முன் உட்காரவைப்பது இரண்டு தரப்புக்கும் அநியாயம்.

நாட்காட்டிதான் பெரிய சிக்கல்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் மனதில் நின்றால் போதும் என்றால், அது இதுதான். பல்கலைக்கழகம் செமஸ்டர் கணக்கில் ஓடுகிறது. பள்ளி ஆண்டுக் கணக்கில் ஓடுகிறது. செமஸ்டர் ஏறத்தாழ 15 வாரம். அறிமுகம், பயிற்சி, அனுமதி என்று முதல் மூன்று வாரம் போகும். கடைசியில் தேர்வு வந்துவிடும். மிஞ்சுவது பத்து வாரம். அதிலும் பள்ளித் தேர்வு ஒன்று குறுக்கே வந்தால் ஒன்பதோ எட்டோ.

பத்து வாரத்தில் என்ன சாதிக்க முடியும்? கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1984இல் ஒரு பெரிய கணக்கைச் சொன்னார்: நல்ல ஆசிரியர் தனியாகச் சொல்லிக்கொடுத்தால் சராசரிப் பிள்ளைகூட வழக்கமான வகுப்பிலிருக்கும் 98 சதவீதம் பேரைத் தாண்டிவிடும். இதைப் பிடித்துக்கொண்டு கனவு கண்டவர்கள் பலர். பின்னர் வந்த ஆய்வுகளில் பலன் நிச்சயம் இருந்தது, ஆனால் அவ்வளவு பெரிதாக இல்லை. 2020இல் 96 ஆய்வுகளைத் தொகுத்த நிக்கோ, ஓரியோபோலஸ், குவான் மூவருக்கும் கிடைத்த சராசரிப் பலன் 0.37 திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு), புளூம் சொன்னதோ 2. கல்வித் துறையில் 0.37 என்பதே நல்ல எண்தான். அந்தத் தொகுப்பில் நமக்கு வேண்டிய விவரங்கள் வேறு. பள்ளி நேரத்துக்குள் நடந்தவை, பள்ளி விட்ட பிறகு நடந்தவற்றைவிட அதிகப் பலன் தந்தன. சொல்லிக்கொடுத்தவர் ஆசிரியராகவோ பயிற்சி பெற்ற துணைப் பணியாளராகவோ இருந்தபோது கிடைத்த பலன், தன்னார்வலர்கள் சொல்லிக்கொடுத்தபோது கிடைத்ததைவிடக் கூடுதல். ஆகவே வாரம் ஒருமுறை, மாலையில், பயிற்சியில்லாத மாணவர் ஒருவர் வந்து போகும் திட்டத்திலிருந்து பெரிய மதிப்பெண் உயர்வை எதிர்பார்ப்பது சரியல்ல, அப்படி வாக்குக் கொடுப்பது அதைவிடத் தவறு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அது மதிப்பெண்ணைவிட முக்கியம். வழிகாட்டித் திட்டங்களில் பெரியவரோடு பிள்ளைக்கு ஏற்படும் உறவு எவ்வளவு காலம் நீடிக்கிறது என்பதை ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்சும் 2002இல் ஆராய்ந்தார்கள். ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளில்தான் பிள்ளைகளுக்கு அதிக நன்மை தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் முறிந்த உறவுகளில் பிள்ளைகளின் தன்மதிப்பும், படிப்பில் தன்னால் முடியும் என்ற நம்பிக்கையும் குறைந்திருந்தன. அதாவது, வந்து பாதியில் போவதற்கு வராமலே இருந்திருக்கலாம். பாடம் சொல்லிக்கொடுப்பதும் வழிகாட்டி உறவும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த வேறுபாடு தெரியாது. “அக்கா அடுத்த வாரம் வருவாங்கல்ல?” என்றுதான் அது கேட்கும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பாடத்தை இரண்டு செமஸ்டராக நீட்டலாம். அது முடியாவிட்டால், கடைசி நாள் எது என்பதை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடலாம். திடீர் மறைவு வேறு, சொல்லிவிட்டுப் போவது வேறு. பழைய குழு போகும் முன் புதுக் குழு ஓரிரு வாரம் கூடவே வந்து உட்காரலாம். ஒருவரோடு ஒருவர் என்ற உறவுக்குப் பதில், மூன்று நான்கு பிள்ளைகளுக்கு இருவர் என்று வைத்தால் ஒருவர் விலகினாலும் முகம் முழுவதும் மாறாது. எல்லாவற்றுக்கும் மேலாக, செமஸ்டர்தோறும் மாறாத ஓர் ஆள் பல்கலைக்கழகத்தில் இருக்க வேண்டும். ஆசிரியர் எப்போது அழைத்தாலும் எடுத்துப் பேசும் ஓர் ஆள். பேராசிரியர் பணியிடம் மாறிப் போனதும் செத்துப்போகும் திட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. பத்து வாரத்துக்குள் முழுமையாக முடிந்துவிடும் வேலைகளைத் தேர்ந்தெடுப்பதும் நேர்மையான வழிதான். முதலில் சொன்ன வருகைப் பதிவேடு அப்படிப்பட்டது. யாருக்கும் மனம் உடையாது.

அசைபோடுதல்

மாணவர்கள் எழுதும் நாட்குறிப்பு முதல் வாரத்தில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ‘இன்று பள்ளிக்குச் சென்றோம். பிள்ளைகள் ஆர்வமாக இருந்தார்கள். எனக்கும் மனநிறைவாக இருந்தது.’ இதற்கு மதிப்பெண் போட்டால் அடுத்த வாரமும் இதே வரிகள் வரும்.

அமெரிக்கக் கல்வியாளர் டெர்ரி போர்ட்டன் 1970இல் மூன்று சின்னக் கேள்விகளைக் கொடுத்தார். என்ன நடந்தது? அதனால் என்ன? இனி என்ன? இரண்டாவது கேள்வியில்தான் பாடம் உள்ளே நுழைகிறது. ‘அந்தப் பையன் எதையும் எழுதவே மாட்டேன் என்கிறான், சோம்பேறி என்று நினைத்தேன். அவனுக்குக் கரும்பலகை சரியாகத் தெரியவில்லை என்பது மூன்றாவது வாரம்தான் புரிந்தது’ என்று ஒரு மாணவர் எழுதினால், அங்கிருந்து எத்தனை கேள்விகள் கிளம்புகின்றன பாருங்கள். சோம்பேறி என்று நான் ஏன் உடனே முடிவு கட்டினேன்? கண் பரிசோதனை பள்ளியின் பொறுப்பா, வீட்டின் பொறுப்பா, அரசின் பொறுப்பா? உளவியல் படிப்பவர் முதல் கேள்வியிலிருந்தும், அரசியல் படிப்பவர் இரண்டாவதிலிருந்தும் கட்டுரையைத் தொடங்கலாம்.

இந்தப் பகுதியைத் தவிர்த்தால் வெறும் நஷ்டத்தோடு போகாது, கெடுதலும் வரும். ‘இந்தப் பிள்ளைகளின் வீட்டில் படிப்பில் அக்கறையே இல்லை’ என்ற எண்ணத்தோடு போகும் மாணவர், பத்து வாரம் கழித்து அதே எண்ணத்தை ‘நான் நேரில் பார்த்தேன்’ என்ற முத்திரையோடு திரும்பக் கொண்டுவருவார். அவரை நிறுத்திக் கேள்வி கேட்க ஓர் இடம் வேண்டும். சேவைவழிக் கற்றலை ஆராயும் டானியா மிட்செல் 2008இல் வலியுறுத்தியதும் இதை ஒட்டித்தான்: தேவையைத் தீர்ப்பதோடு நிற்காமல், அந்தத் தேவை ஏன் உண்டானது, யாருக்கு அதிகாரம் இருக்கிறது என்பதையும் மாணவர்கள் பார்க்க வேண்டும்.

மதிப்பெண் விஷயத்தில் ஒரு விதி உண்டு, குழப்பமே வேண்டாம்: மதிப்பெண் கற்றலுக்கு, சேவை செய்த மணி நேரத்துக்கு அல்ல. நாற்பது மணி நேரம் பள்ளியில் இருந்தார் என்பதற்காக முழு மதிப்பெண் கொடுத்தால் அது வருகைப் பதிவுதான். நூலகத்தில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார் என்பதற்கு நாம் மதிப்பெண் கொடுப்பதில்லை, அங்கே படித்து என்ன கற்றார் என்பதற்குத்தான் கொடுக்கிறோம். அதுபோல, பள்ளி அனுபவத்திலிருந்து என்ன எடுத்தார் என்பதற்குத்தான் மதிப்பெண்.

தொடங்குவதற்கு முன் இன்னும் சில காகித வேலைகள். பிள்ளைகளோடு பழகுவதற்கான விதிகள் ஒவ்வொரு நாட்டிலும் வேறு. ஆனால் பின்னணிச் சரிபார்ப்பு, ஆசிரியர் பார்வையில் படும் இடத்தில் மட்டுமே உட்காருவது, பிள்ளைகளின் படத்தை அனுமதியில்லாமல் எங்கும் பகிராமை, சொந்தக் கைபேசி எண்ணைக் கொடுக்காமை, இவை எங்கும் பொருந்தும். பிள்ளை ஏதேனும் அச்சந்தரும் விஷயத்தைச் சொன்னால் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பது மாணவருக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று பிள்ளையிடம் வாக்குக் கொடுக்கக் கூடாது.

முதல்முறை செய்பவர்கள் ஒரு பள்ளி, ஒரு வகுப்பு, விருப்பமுள்ள ஓர் ஆசிரியர் என்று சின்னதாகத் தொடங்குவது நல்லது. செமஸ்டர் நடுவில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை அந்த ஆசிரியரோடு உட்கார்ந்து, உங்கள் வேலை குறைந்ததா கூடியதா என்று கேளுங்கள். கூடியது என்றால் எதனால் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் பாடத்தில், எந்தப் பக்கத்தில் நிற்கிறது, எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதி ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்புங்கள். அடுத்த குழு ஆசிரியரிடமிருந்து அதை வாங்கிப் பார்த்தால், முதல் மூன்று வாரம் வீணாகாது.